பெயர் மாற்றமும் மனமாற்றமும்



நம் வீடுகளில் ஒரு குழந்தைக்குப் பெயர் தேர்வது சிறு காரியமன்று. தாத்தாவின் பெயர், பிறந்த நாளுக்குரிய புனிதரின் பெயர், ஞானப் பெற்றோர் விரும்பும் பெயர் என்று பல நாள் பேச்சு நடந்த பின்னரே குழந்தை திருமுழுக்குத் தொட்டிக்கு வருகிறது. அங்கும் குரு முதலில் கேட்பது அதன் பெயரைத்தான். பெயர் என்பது ஒருவரைக் கூப்பிடுவதற்கான ஒலி மட்டுமன்று. அது ஒரு வாக்குறுதி. புனித அந்தோணியாரின் பெயரைத் தாங்கும் பிள்ளை அவரைப்போல் வாழவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

வணிக உலகமும் இவ்வுண்மையை நன்கறியும். பெயரைக் கேட்டுத்தான் நாம் கடைக்குள் நுழைகிறோம். பெயரைக் கேட்டுத்தான் வேறு கடைக்கும் போய்விடுகிறோம். ஆகவே, தன்னைப்பற்றி மக்கள் கொண்டுள்ள எண்ணத்தை மாற்ற விரும்பும் வணிகர் பலகையை மாற்றுகிறார். சிற்றூர்க் கடைவீதியில் காணும் இவ்வழக்கம் இன்று உலகளாவிய தொழில்நுட்ப நிறுவனங்களிடத்தும் பெருகியிருக்கிறது. வாட்ஸ்அப்பைத் திறக்கும்போது திரையின் அடியில் 'மெட்டா' என்னும் சொல் ஒரு கணம் தோன்றி மறைவதைப் பலர் கண்டிருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் 'ஃபேஸ்புக்' என்றிருந்தது. ட்விட்டர் என்று நாம் அறிந்திருந்தது இன்று எக்ஸ். ஹட்ச் என்று வாங்கிய கைப்பேசி இணைப்பு வோடஃபோன் ஆகி, பின்னர் விஐ ஆயிற்று.

அண்மையில் ஒரு தாய், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இன்ஸ்டாகிராமைப் பற்றி என்னிடம் கேட்டார்: "சாமி, அந்தக் கம்பெனி பேரையே மாத்திட்டுப் புதுசா ஆரம்பிச்சிருக்காமே. இனிமே பொண்ணு கையில அதைக் குடுக்கலாமா?" அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். எளிய கேள்விதான், ஆனால் அதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. பெயரை மாற்றியவர் தம்மையும் மாற்றிக்கொண்டார் என்று நம்பலாமா? பல குடும்பங்களுக்கும் உரிய கேள்வி இது என்பதால் இம்மாதம் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

சவுலும் சீமோனும்

பெயர் மாற்றம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் புனித பவுல். தமஸ்கு வழியில் கீழே விழுந்து எழுந்தவுடனேயே சவுல் பவுல் ஆகிவிட்டார் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். திருத்தூதர் பணி நூலைக் கவனித்துப் படித்தால் அவ்வாறில்லை. மனந்திரும்பிய பின்னரும் நெடுங்காலம் அந்நூல் அவரைச் சவுல் என்றே அழைக்கிறது. அவர் எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அஞ்சினார்கள். அவரும் ஒரு சீடர் என்பதை நம்ப மறுத்தார்கள். பர்னபாதான் அவருக்குத் துணைநின்று திருத்தூதரிடம் அழைத்துச் சென்றார். அந்தியோக்கியாவில் ஓராண்டு முழுவதும் போதித்தபோதும், பஞ்சத்தில் வாடிய யூதேயாவின் சகோதரர்க்கு உதவிப் பொருளைக் கொண்டுசென்றபோதும் அவர் பெயர் சவுல்தான். 13ஆம் அதிகாரத்தில், சைப்பிரசுத் தீவில் நற்செய்தி அறிவிக்கும் இடத்தில்தான், பவுல் என்னும் பெயரும் அவருக்கு உண்டு என்று புனித லூக்கா குறிப்பிடுகிறார். அதன்பின் அப்பெயரே நிலைபெறுகிறது. அவரிடத்தில் மாற்றம் முந்தியது, பெயர் பிந்தியது.

சீமோனிடத்தில் முறை வேறு. முதற்சந்திப்பிலேயே ஆண்டவர் அவருக்குப் பாறை என்று பொருள்படும் கேபா என்னும் பெயரை அறிவித்தார். அன்று அவர் பாறையாக இருக்கவில்லை. சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்தவர் அவர். ஆயினும் உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலருகே அவரிடம் அன்பைப் பற்றிக் கேட்டபோது, மும்முறையும் யோவானின் மகன் சீமோன் என்னும் பழைய பெயராலேயே அழைத்தார். புதுப் பெயரின் நிழலில் பழைய தவற்றை ஒளித்துவைக்க அவரை விடவில்லை. அதை வெளியே கொணர்ந்து குணமாக்கினார். ஆகவே பெயர் முந்தி வருவது குற்றமன்று. ஆனால் அப்படி வந்த பெயர் ஒரு கடன். வாழ்நாளெல்லாம் உழைத்து அதைத் தீர்க்க வேண்டும்.

இவ்விருவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு சில நிறுவனங்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

வேலை முந்திய பெயர்கள்

அமெரிக்காவில் 1911ஆம் ஆண்டு பல சிறு நிறுவனங்கள் இணைந்து ஒரு நிறுவனம் தோன்றியது. கணக்கிடல், அட்டவணையிடல், பதிவுசெய்தல் ஆகிய மூன்றையும் அடுக்கிவைத்த நீண்ட பெயர் அதற்கு. தராசுகள், பணியாளர் வருகையைப் பதியும் கடிகாரங்கள், துளையிட்ட அட்டைகளைக்கொண்டு கணக்கிடும் இயந்திரங்கள் ஆகியவற்றை அது செய்து விற்றது. 1917இல் தன் கனடாக் கிளைக்கு 'இன்டர்நேஷனல் பிசினஸ் மெஷின்ஸ்' என்று பெயர் சூட்டியது. ஏழாண்டுகள் கழித்து, 1924இல், அப்பெயரையே தலைமை நிறுவனத்துக்கும் எடுத்துக்கொண்டது. உலகம் இன்று அதை ஐ.பி.எம். என்று அறியும். பழைய பெயரில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை வளர்ந்து பழைய சட்டை சிறிதாகிவிட்டது, அவ்வளவே.

ஆப்பிள் நிறுவனத்தின் கதையும் அத்தகையதே. 'ஆப்பிள் கம்ப்யூட்டர்' என்பதே அதன் முழுப்பெயர். 2001ஆம் ஆண்டு முதல் ஐபாட் என்னும் இசைக்கருவியை அது விற்றுவந்தது. 2007 சனவரி 9 அன்று ஐபோனை அறிமுகம் செய்த அதே மேடையில், இனித் தங்கள் பெயரில் 'கம்ப்யூட்டர்' என்னும் சொல் இராது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். கணிப்பொறி அல்லாத பொருளை மக்கள் ஐந்தாண்டுகளாக அந்நிறுவனத்திடம் வாங்கிவந்திருந்தனர். எனவே அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த உண்மையையே புதுப் பெயர் சொல்லியது. வாடிக்கையாளரின் நம்பிக்கைக்கு இதனால் இடர் ஏதும் நேர வழியில்லை.

நம் நாட்டில் ஹட்ச் வோடஃபோன் ஆனபோதும் ஏறக்குறைய இதுவே நடந்தது. 2007 மே மாதத்தில் பங்குகள் கைமாறின. செப்டம்பரில் பெயர் மாறியது. சிறுவனுக்குப் பின்னால் ஓடும் நாய்க்குட்டியை ஹட்ச் விளம்பரத்தில் கண்டு மகிழ்ந்தவர்கள் நம்மில் பலர். அந்த நாய்க்குட்டியையே புதிய பெயரின் விளம்பரத்துக்கும் கொண்டுவந்தனர். எண் மாறவில்லை, இணைப்பு மாறவில்லை, பழகிய துணையும் உடன் வந்தது. உரிமையாளர் உண்மையாகவே மாறியபின் அதை மக்களுக்கு எடுத்துச்சொல்லிய பெயர் மாற்றம் அது.

பழைய பெயரை மறைக்காத மாற்றம்

அடுத்தது துயரமான கதை. ஐதராபாத்தில் 1987இல் தொடங்கிய ஒரு கணிப்பொறி நிறுவனம் தனக்கு 'சத்யம்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. உண்மை என்பதே அதன் பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்நிறுவனம் வளர்ந்து இந்தியாவின் முன்னணி மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. நேர்மையான நிர்வாகத்துக்கென்று 2008இல் ஒரு விருதும் பெற்றது. 2009 சனவரி 7 அன்று அதன் தலைவர் இராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். பல ஆண்டுகளாகக் கணக்குகளில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிவந்ததை அதில் ஒப்புக்கொண்டார். தொகை 7,000 கோடி ரூபாய்க்கும் மேல். புலிமேல் ஏறியவன் இறங்கும் வழி தெரியாமல் தவிப்பதற்குத் தம் நிலையை ஒப்பிட்டார். அன்று ஒரே நாளில் அந்நிறுவனப் பங்கின் விலை முக்கால் பாகத்துக்கும் மேல் சரிந்தது. சேமிப்பை அதில் இட்ட குடும்பங்களையும், ஒரு குற்றமும் செய்யாத பல்லாயிரம் ஊழியரையும், அவர்களை நம்பி வீட்டில் இருந்த பெற்றோரையும் எண்ணிப் பாருங்கள். கொடுத்த விருதும் திரும்பப் பெறப்பட்டது.

இத்தகைய நிலையில் எளிய வழி, உடனே பெயரை அழித்துவிடுவது. அவ்வாறு செய்யவில்லை. முதலில் நடுவண் அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கிப் புதியவர்களை அமர்த்தியது. ஏப்ரலில் ஏலத்தின் வழியாக டெக் மகிந்திரா நிறுவனம் பொறுப்பேற்றது. அதன்பின் சூனில்தான் பெயர் மாறியது. அப்போதும் பழைய பெயரைக் களையாமல் 'மகிந்திரா சத்யம்' என்றே வைத்தனர். பொய்க் கணக்குகளைத் திருத்தி எழுதினர். அமெரிக்காவில் வழக்குத் தொடுத்த முதலீட்டாளருக்கு 12 கோடியே 50 இலட்சம் டாலர் தர 2011இல் இணங்கினர். சில வாடிக்கையாளர் விலகினாலும் பலர் தங்கினர். 2013 சூனில் இரு நிறுவனங்களும் முழுமையாக இணைந்தபோதே 'சத்யம்' என்னும் சொல் மறைந்தது. 2015 ஏப்ரலில் ஐதராபாத்தின் சிறப்பு நீதிமன்றம் நிறுவனரையும் வேறு ஒன்பது பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

சீமோன் பேதுரு என்று இரு பெயரையும் சேர்த்துச் சொல்லும் நற்செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. நான்காண்டுகள் இரு பெயரும் ஒரே பலகையில் நின்றன. நாங்கள் யாரிடமிருந்து இதைப் பெற்றோம், யாருடைய கடனைச் சுமக்கிறோம் என்பதை அப்பலகை மறைக்கவில்லை. நம்பிக்கை திரும்பி வந்ததற்குப் பலகையின் அழகு காரணமன்று. அதற்கு முன்னும் பின்னும் நடந்த வேலைதான் காரணம்.

பெயர் முந்தியபோது

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டு 31 அன்று ஒன்றாயின. அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 அக்டோபரில் அளித்த தீர்ப்பு அந்நிறுவனத்தின்மேல் பெருஞ்சுமையாக விழுந்தது. 2020 செப்டம்பர் 7 அன்று, அச்சுமை இறங்குமுன்னரே, 'விஐ' என்னும் புதுப் பெயர் வந்தது. விளம்பரம் எங்கும் ஒளிர்ந்தது. ஆனால் 2020 நடுவில் ஏறக்குறைய 28 கோடியாக இருந்த வாடிக்கையாளர் தொகை 2025 தொடக்கத்தில் 20 கோடியளவுக்கு இறங்கியது. அழைப்பு கேட்கிறதா, இணையம் கிடைக்கிறதா என்று பார்க்கும் குடும்பத்தலைவிக்குப் பலகையின் நிறம் எதற்கு? கடன் பழையதாகவே இருக்கும்போது பெயர் மட்டும் புதிதானால், மக்கள் அதைப் 'பழைய கள், புதிய மொந்தை' என்று எளிதில் கண்டுகொள்கிறார்கள்.

அந்தத் தாய் கேட்ட நிறுவனத்துக்கு இப்போது வருவோம். ஃபேஸ்புக் நிறுவனம் 2012இல் இன்ஸ்டாகிராமையும் 2014இல் வாட்ஸ்அப்பையும் வாங்கியது. 2018இல், அதன் வழியாக 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோரின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குச் சென்றிருக்கலாம் என்பது வெளியாயிற்று. 2019இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 500 கோடி டாலர் தண்டம் விதித்தது. 2021 செப்டம்பரில், அந்நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய பிரான்சிசு ஹாகன் என்னும் பெண்மணி வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்கள் செய்தித்தாளில் வந்தன. வளரிளம் பெண்களுள் சிலருக்குத் தம் உடலைப்பற்றிய மனவருத்தத்தை இன்ஸ்டாகிராம் மிகுவிக்கிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வாளரே கண்டிருந்ததை அவை காட்டின. ஆவணங்களுக்குத் தவறான பொருள் கற்பிக்கப்படுகிறது என்று நிறுவனம் மறுத்தது. அக்டோபர் 5 அன்று அவர் அமெரிக்க மேலவைக் குழுவின்முன் சாட்சி சொன்னார். அக்டோபர் 28 அன்று, மார்க் சக்கர்பர்க் தம் நிறுவனத்துக்கு 'மெட்டா' என்று புதுப் பெயர் அறிவித்தார்.

நியாயமாகப் பேச வேண்டும். குற்றச்சாட்டுக்கு அஞ்சிப் பெயரை மாற்றினார் என்று தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை; உள்ளங்களைச் சோதிப்பவர் ஆண்டவர் ஒருவரே. எதிர்காலத்தில் மக்கள் கணிப்பொறி படைக்கும் ஒரு மாயவெளிக்குள் கூடிப் பழகுவர், அதைக் கட்டி எழுப்புவதே எங்கள் நோக்கம், அதற்கேற்ற பெயர் இது என்று அவர் காரணம் கூறினார். ஆனால் அந்த மாயவெளி அன்று இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் அப்பிரிவில் 1,300 கோடி டாலருக்குமேல் நட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அந்நிறுவனம் 11,000 ஊழியரை அனுப்பியது. பெயர் இங்கே முந்திவிட்டது. பழைய குற்றச்சாட்டுகளோ புதுப் பெயரைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்தன. இளைஞரின் மனநலத்துக்குக் கேடு விளைக்கிறது என்று சொல்லி, 2023 அக்டோபரில் அமெரிக்காவின் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. வழக்கு மெட்டாவின்மேல்தான். நீதிமன்றம் பலகையைப் பார்ப்பதில்லை. செய்தவர் யார் என்று பார்க்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பெயர் மாறி ஏறக்குறைய மூன்றாண்டு கழித்து, 2024 செப்டம்பரில், இன்ஸ்டாகிராமில் வளரிளம் பருவத்தினருக்கெனத் தனிக் கணக்குமுறை வந்தது. 2025இல் இந்தியாவுக்கும் வந்தது. அறியாதவர் அப்பிள்ளைகளின் பக்கத்தைப் பார்ப்பதும் செய்தி அனுப்புவதும் அதில் முதலிலேயே தடுக்கப்பட்டிருக்கும். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை அத்தடையைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோரின் இசைவு வேண்டும். பெயர் மாற்றத்தைவிட ஒரு தாய்க்குப் பயன்படுவது இந்தச் செய்திதான். ஆனால் அதைப்பற்றி எத்தனை பெற்றோர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? பெயர் மாறியது உலகெங்கும் கேட்டது. பிள்ளைக்கான காப்பு மெல்லிய குரலில் வந்தது.

மக்கள் விட்டுக்கொடாத பெயர்

பெயர் மாற்றத்தில் விந்தையான மற்றொன்றும் உண்டு. உரிமையாளர் மாற்றினாலும் மக்கள் மாற்றமாட்டார்கள். எலான் மஸ்க் 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். 2023 சூலையில் நீலப் பறவையை நீக்கி, எக்ஸ் என்னும் ஒற்றை எழுத்தைப் பெயராக்கினார். பணப் பரிமாற்றம் முதல் எல்லாவற்றுக்கும் உதவும் செயலியாக அது வளரும் என்றார். ஆனால் 'ட்வீட்' என்னும் சொல் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் தலைமையகக் கூரைமேல் நிறுத்திய ஒளிரும் பெரிய எக்ஸ் எழுத்தும், கண்கூசுகிறது என்று அண்டை வீட்டார் முறையிட்டதால் சில நாளிலேயே இறக்கப்பட்டது. செய்தித்தாள்கள் பல காலம் 'முன்னர் ட்விட்டர் எனப்பட்ட எக்ஸ்' என்று எழுதிவந்தன.

ரூத்து நூலில் வரும் நகோமியை இங்கே நினைக்கலாம். கணவனையும் இரு மைந்தரையும் மோவாபு நாட்டில் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பியவர், தம்மை இனி மாரா என்று, அதாவது கசப்பு என்று, அழைக்கும்படி ஊர்ப்பெண்களிடம் சொன்னார். நூல் முழுவதும் தேடிப் பாருங்கள். அவரை ஒருவரும் மாரா என்று அழைக்கவில்லை. பேரக்குழந்தை பிறந்தபோதும் நகோமிக்கு ஒரு மகன் பிறந்தான் என்றுதான் அண்டைவீட்டுப் பெண்கள் மகிழ்ந்தனர். ஒருவருடைய பெயர் அவருக்கு மட்டும் உரியதன்று. அவரோடு வாழ்ந்த மக்களின் நினைவுக்கும் உரியது.

நம் திருச்சபையிலேயே இதைக் காண்கிறோம். இராயப்பரும் சின்னப்பரும் விவிலியத்தில் பேதுருவும் பவுலும் ஆயினர். ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பூசை திருப்பலி ஆயிற்று. ஆயினும் நம் பாட்டிமார் இன்றும் "பூசைக்குப் போறேன்" என்றுதான் புறப்படுகிறார்கள். அவர்கள் நம்பிக்கையில் குறைவு வந்ததா? பீடத்தில் நிகழ்வது அன்றும் இன்றும் ஒன்றே என்பதால் பெயர் மாறியது அவர்களைக் கலக்கவில்லை. உள்ளிருப்பது மெய்யானால் பெயர் எப்படி மாறினாலும் நட்டமில்லை. உள்ளிருப்பது பொய்யானால் எந்தப் பெயரும் நெடுநாள் காக்காது.

பலகையின் பின்பக்கம்

கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் பெருநிறுவனம் இருந்த வளாகத்துக்கு ஃபேஸ்புக் 2011இல் குடிபுகுந்தது. சன் நிறுவனம் அதற்கு முன் ஆண்டு ஆரக்கிளுக்கு விற்கப்பட்டுவிட்டது. வாசலில் நின்ற சன் நிறுவனத்தின் பலகையை அவர்கள் பிடுங்கி எறியவில்லை. அதைத் திருப்பி, முன்பக்கத்தில் தம் சின்னத்தை வைத்து, பின்பக்கத்தில் சன் பெயரை அப்படியே விட்டுவைத்தார்கள். எந்தப் பெரும் பெயரும் ஒருநாள் பின்பக்கம் ஆகலாம் என்பதை அது அங்கு வேலை செய்தவர்களுக்கு நினைவூட்டியது.

புதுப் பெயரோடு எவர் நம் வாசலுக்கு வந்தாலும் நாமும் பலகையின் பின்பக்கத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது: பெயருக்கு முன் எது மாறியது? உரிமையாளரா, நிர்வாகமா, விற்கும் பொருளா, நடத்தும் முறையா? ஒன்றுமே மாறவில்லை என்றால், மாறியது விளம்பரம் மட்டுமே.

இரண்டாவது: பழைய கடன் என்ன ஆயிற்று? யாருக்கு நட்டம் நேர்ந்ததோ அவர்களுக்கு ஈடு கிடைத்ததா? சக்கேயு ஆண்டவரை வீட்டில் ஏற்றபோது, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகத்தான் சொன்னார். அவர் பெயர் கடைசிவரை சக்கேயுதான்.

மூன்றாவது: நம் வீட்டுக்குள் எது மாறியிருக்கிறது? கட்டணம், நிபந்தனைகள், நம் விவரங்களை எடுத்துக்கொள்ளும் முறை, பிள்ளைக்கான காப்பு ஆகியவற்றுள் எது முன்னைவிட நன்றாயிருக்கிறது? செயலியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் இதற்கு விடை கிடைத்துவிடும்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான். பெயர் மாறியது என்பதற்காகக் கொடுக்கவும் வேண்டாம். பழைய பழி உண்டு என்பதற்காகப் பதறிப் பிடுங்கவும் வேண்டாம். மகளும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து, அவள் எதைப் பார்க்கிறாள் என்று ஒருநாள் முழுமையாகப் பாருங்கள். வயதைப் பொய்யாகக் கூட்டிக் கணக்குத் தொடங்கியிருந்தால், இளையோருக்கான காப்பு அவளுக்குக் கிடைக்காது. முதலில் அதைத் திருத்துங்கள். இரவில் கைப்பேசி படுக்கையறைக்குப் போகாமல் கூடத்திலேயே இருக்கட்டும். இந்த ஒழுங்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உரியது என்றால் பிள்ளை முணுமுணுக்காமல் ஏற்பாள். நிறுவனம் மாறும்வரை நம் வீடு காத்திருக்க வேண்டியதில்லை.

நமக்கும் இக்கேள்விகள்

பெருநிறுவனங்களைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துபோவது எளிது. ஆனால் இம்மூன்று கேள்விகளும் நம் குடும்பத்துக்குள்ளும் வர வேண்டும். குடியை விட்டுவிட்டேன் என்று புத்தாண்டு அன்று அறிவிக்கும் கணவனின் வார்த்தையை மனைவி உடனே நம்புவதில்லை. அது அவள் குற்றமன்று. எத்தனை முறை கேட்ட வார்த்தை! அவன் கோபப்படக் கூடாது. சம்பளம் முழுமையாக வீடு வந்து சேரும் மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சென்றபின், ஒருநாள் அவளே அறியாமல் அவள் நம்பத் தொடங்கியிருப்பாள். சவுலுக்கும் ஆண்டுகள் ஆயின.

ஆனால் எருசலேமில் எல்லாரும் ஐயுற்றபோது பர்னபா ஒருவர் இருந்தார் என்பதையும் மறவாதீர்கள். தீர விசாரித்து, மாற்றம் மெய் என்று கண்டபின், மற்றவர்முன் அவருக்காக நின்றார். ஏமாறாமல் இருப்பது அறிவு. திருந்தியவனைப் பழைய பெயராலேயே குத்திக்கொண்டிருப்பது அறிவன்று, அன்புமன்று. சிறையிலிருந்து திரும்பிய இளைஞனையும், தேர்வில் தோற்று மீண்டும் எழுதும் மாணவியையும், பிரிந்து மீண்டும் சேர்ந்த தம்பதியையும் ஊர் எந்தப் பெயரால் அழைக்கிறது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். நம் பங்கில் பர்னபாக்கள் எத்தனை பேர்?

திருவெளிப்பாட்டில் சர்தை நகர்ச் சபைக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம் உண்டு. உயிருள்ள சபை என்று அது பெயர் பெற்றிருந்தது, ஆனால் இறந்துகிடந்தது. வேறு பெயர் வைத்துக்கொள்ளும்படி ஆண்டவர் அதற்குச் சொல்லவில்லை. விழித்தெழவும், எஞ்சியிருப்பதை வலுப்படுத்தவும், மனம் மாறவும் சொன்னார். நிறுவனங்களுக்கு இக்கட்டளையை எடுத்துச்சொல்ல நம்மால் இயலாமற் போகலாம். நம் வீட்டு வாசற்படியின் உட்புறத்தில் இம்மாதமே அதைத் தொடங்கலாம்.

ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.